தென்காசி என்று பெயர் எழுதிய ஊர்

கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் மண்டபத்திலும் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எல்லோருக்கும் என் வயது, அல்லது ஒன்றிரண்டு கூடக்குறைய. ரயில் பாதை ஓரத்துச் சந்துகளில் வளர்ந்தவர்கள். அதனால் உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்: நான் இத்தனை காலம் சொல்லிவந்த கதையில் ஓர் இடம் பொய். அந்த இடம் வரும்போது காட்டுகிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே.

ரங்கூனில் நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை அப்போது எப்படி மணக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் கரிப்புகை, அதற்குள் மொஹிங்கா நூடுல்ஸ் விற்பவளின் மீன்குழம்பு வாசம், மழை விட்டதும் சாக்கடையும் மல்லிகையும் சேர்ந்து ஒரு வாசம். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் எஞ்சின் கரி விழுந்து புள்ளி புள்ளியாக இருக்கும். என் அம்மா அந்த வேட்டிகளை உதறும்போது ரயில்காரனை வைவாள். ரயில்காரன் அவளுடைய சொந்தத் தம்பி, என் மாமா. அவர் எஞ்சின் ஓட்டவில்லை, ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். இருந்தாலும் கரிக்கு அவர்தான் பொறுப்பு.

நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் கொலு வைப்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதும் வைக்கிறார்கள், படிகள் இருக்கின்றன, பொம்மைகள் இருக்கின்றன. இல்லாமல் போனது படிகளுக்கு முன்னால் தரையில் நாம் கட்டிய ஊர்கள். சந்துக்கு ஓர் ஊர். மணல் பரப்பி, களிமண் பிசைந்து, ஒவ்வொரு சந்துப் பிள்ளைகளும் ஒரு ஊரைக் கட்ட வேண்டும். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோயில் தலைவரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்து ஒவ்வொரு ஊராக நின்று கேள்வி கேட்பார்கள். அழகுக்கு மதிப்பெண் கிடையாது. ஊர் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆறு எங்கே போகிறது, இந்த வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சந்தை ஏன் இங்கே கூடுகிறது, இப்படி. எந்தச் சந்தின் ஊர் திக்காமல் பதில் சொல்கிறதோ, அந்தச் சந்து ஆண்களுக்கு மறுநாள் விஜயதசமி ஊர்வலத்தில் அம்மன் பல்லக்கின் முன்தண்டு. தோற்ற சந்துகளுக்குப் பின்தண்டு, தீவட்டி, தண்ணீர்க்குடம்.

முன்தண்டைத் தொட்டு எங்கள் சந்துக்கு அப்போது பல வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் என் மாமா என்று எல்லோரும் நம்பினார்கள். நான் கைக்குழந்தையாக இருந்த வருடம், முன்தண்டு பிடித்துப் போன மாமா மழையில் வழுக்கி விழுந்தாராம். பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து, அம்மன் கழுத்து மாலை அறுந்து சேற்றில் விழுந்ததாம். குடித்துவிட்டு வந்தான் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து ஊர்வலம் புறப்படும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பழைய ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். தவில் சத்தம் தெருவில் தேயத் தேய, அரத்தின் சத்தம் பின்கட்டில் கூடும். அவர் அன்று குடித்திருக்கவில்லை, ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு கண் தூங்காமல் வந்து தண்டைப் பிடித்தார் என்பது, அவர் இறந்த பிறகு அவரோடு வேலை பார்த்தவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எங்கள் சந்துக்கு இன்னொரு குறையும் இருந்தது. எங்களிடம் ஊர் இல்லை. எங்கள் அப்பாக்களும் ரங்கூனில் பிறந்தவர்கள். கடைக்காரச் சந்தில் மட்டும் வாலிப வயதில் கப்பலேறி வந்த ஒரு மளிகைக்காரர் இருந்தார். அவர் தன் ஊரையே வருடா வருடம் கட்ட வைத்து முன்தண்டை வாங்கிக்கொண்டு போவார். ஒரு வருடம் நாங்கள் காலண்டரைப் பார்த்துத் தஞ்சாவூர் கட்டினோம். தலைவர் குனிந்து பார்த்து, "பெரிய கோயிலுக்குப் பின்னாடி என்னடா இருக்கு?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவன் நேர்மையாக, "காலண்டர் அட்டை இருக்குங்க" என்றான்.

அந்தச் சிரிப்பு தீபாவளி வரைக்கும் ஓயவில்லை.

அடுத்த வருடம்தான் நான் சொல்லும் வருடம். எனக்குப் பதினோரு வயது. ஜப்பானிலிருந்து புதிய டீசல் ரயில் வண்டிகள் வந்து இறங்கியிருந்தன. பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஜப்பான்காரரும் கூடவே வந்திருந்தார். மாமாவை அவருக்கு உதவியாளாகப் போட்டார்கள். மாமா அவரைச் சயா என்பார், பர்மியர்கள் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி. அவர் மாமாவை அகோ என்பார், அண்ணன் என்று அர்த்தம். இருவருக்கும் பொதுவாக இருந்தது பர்மிய மொழி. மாமாவுடையது தெருப் பர்மியம், அவருடையது புத்தகப் பர்மியம். ஸ்பானரைக்கூட அவர் மரியாதையாகத்தான் கேட்பார்.

குட்டையான மனிதர். நெற்றியில் எப்போதும் ஒரு கைக்குட்டை முறுக்கிக் கட்டியிருக்கும். விடுதிச் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று மாமா ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அம்மா அரைமனதாக இலை போட்டாள். ஜப்பான்காரன் என்றாலே நம் வீடுகளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் அவர்கள் லாரியில் ஏற்றிச் சயாம் ரயில்பாதை போடக் கொண்டுபோன ஆட்களில் திரும்பி வராத ஒருவராவது இல்லாத சந்து எது? கோயில் தலைவரின் அண்ணன் அப்படிப் போனவர். தலைவர் தன் கடையில் ஜப்பான் குடைகூட விற்க மாட்டார்.

ஆனால் அந்த மனிதர் அம்மாவின் பருப்புத் துவையலைச் சாப்பிட்டுவிட்டு இலைக்கு முன்னால் தலை வணங்கினார். அம்மா பதறிப்போனாள். "இவரு ஏன் என் இலையக் கும்பிடுறாரு?" என்றாள். அடுத்த முறை அவர் வந்தபோது அவருக்கு முன்னால் வைத்தது, வேறு யாருக்கும் கொடுக்காத அப்பாவின் டம்ளர்.

சாப்பிட்ட பிறகு அவர் தன் ஊரைச் சொல்வார். சொல்வார் என்பதைவிட வரைவார் என்பது சரி. மாமாவின் சுண்ணாம்புக் கட்டியை வாங்கி எங்கள் சிமெண்டுத் தரையில் முதலில் இரண்டு மலைத்தொடர் போடுவார். நடுவில் ஒரு ஆறு. பனி உருகி வரும் ஆறு, சித்திரை வெயிலிலும் கால் வைத்தால் எலும்பு வலிக்கும் என்பார். வடக்கு மலைக்கு அப்பால் கடல், அந்தக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி வருடத்தில் பல மாதம் பனியாகக் கொட்டும். வீட்டு வாசல் மூடிப்போய் மாடி ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடம் போவார்களாம். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், வளர்ந்த பிறகுதான் அதை முதலில் பார்த்தேன் என்றார். மலை அவ்வளவு உயரம்.

ஆற்றோரம் ஒரே ஒரு தெரு. அது பழைய ராஜபாட்டை. ஒரு காலத்தில் பிரபுக்கள் படை பரிவாரத்தோடு தலைநகர் போகும்போது அந்த ஊரில் இறங்கித் தங்குவார்கள். ஊர் முழுக்கச் சத்திரம், குதிரை லாயம். தெருப்பக்கம் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்பதால் வீடுகள் முகப்பில் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும், நம் கடைத்தெரு வீடுகள் போல. ஒருமுறை தீப்பிடித்து ஊரே எரிந்ததாம். திரும்பக் கட்டியபோது தெருவின் நடுவே ஒரு வாய்க்காலை ஓடவிட்டார்கள், இனி தீ வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். பிரபுக்கள் காலம் போன பிறகு பட்டுப்பூச்சி. செங்குத்தான கூரைகளுக்கு அடியில் பரண் போட்டு வளர்ப்பார்கள். பூச்சிகள் முசுக்கொட்டை இலை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும், அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவோம் என்றார்.

ஊருக்குப் பின்னால் குன்றின் மேல் ஒரு கோயில், கல்படி, படிக்குக் கீழே சிவப்பு மரவாசல். அந்த வாசலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் போட்டார். கல், என்றார். போருக்குப் போய்த் திரும்பாத பையன்களின் பெயர் வெட்டிய கல். அதோடு சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் போனதும் அம்மா தரையைத் துடைக்க வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இதைக் கட்டலாம்" என்றேன்.

மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவர் செருப்பால அடிப்பாருடா."

"ஜப்பான்னு சொன்னாத்தானே?"

"என்ன ஊருன்னு கேட்டா?"

"மலை இருக்கு, ஆறு இருக்கு, குன்று மேல கோயில் இருக்கு. நம்ம பக்கத்துல இல்லாததா?"

மாமா சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "பேரு எதுவும் போடாத. சும்மா ஒரு ஊருன்னு வை. கேட்டா பாத்துக்குவோம்" என்றார். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் போடாதே என்றுதான் சொன்னார்.

நாங்கள் கட்டினோம். எப்படிக் கட்டினோம்! ஒர்க்‌ஷாப் மதிலுக்குப் பின்னால் கொட்டிய கரிக்கசடு, வெந்து உருகிக் கூர்கூராக உறைந்தது, எங்களுக்கு மலை. ரயில் பாலத்தடியில் சுரண்டிய பாசி எங்களுக்குக் காடு. கியாக்தானிலிருந்து வரும் காய்கறிக்காரி எங்களுக்காக ஒரு கூடை வழவழப்பான ஆற்றுக்களிமண் கொண்டுவந்து கொடுத்தாள். பபேடான் தெருவில் சிவப்புச் சாயம் வாங்கித் தீக்குச்சிகளில் பூசினோம், அது கோயில் வாசல். வீட்டுக்கு வீடு தனி ஓலை நறுக்கிக் கூரை போட்டோம். மற்றச் சந்துக்காரர்கள் சிகரெட்டுத் தாளை விரித்து ஆறு என்றபோது, மாமா மெல்லிய செம்புக்குழாய் ஒன்றை வளைத்து, கொலுப்படியின் பின்னால் ஒரு பிஸ்கட்டு டின்னை மறைத்துவைத்து, மலையிடுக்கிலிருந்து உண்மையான தண்ணீரைச் சொட்டவிட்டார். அது ஆறாக ஓடி, தெரு வாய்க்காலில் புகுந்து, வயலுக்குப் போய், கடைசியில் ஒரு தகரத்தட்டில் விழுந்தது. படிப்படியாக வெட்டிய வயல்களில் நெல் விதைத்தோம். முளைப்பாரிக்கு விதைக்கிற மாதிரிதான். மற்ற ஊர்கள் ஒன்பது நாளும் அப்படியே கிடந்தன. எங்கள் ஊரில் பயிர் வளர்ந்தது.

கட்டப்போகிறோம் என்று சொன்னபோது சயா ஒன்றை மட்டும் வற்புறுத்தியிருந்தார்: பனி இல்லாவிட்டால் அது என் ஊர் இல்லை. அதனால் பழைய தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை மலையுச்சியிலும் சில கூரைகளிலும் வைத்தோம். சிவப்பு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் சில்லை நட்டோம்.

கட்டி முடித்ததும் மாமா வேலைக்குப் போய்விட்டார். எல்லா ஊர்களுக்கும் முன்னால் பெயர்ப்பலகை இருந்தது. எங்களுடையதற்கு இல்லை. கடைக்காரச் சந்துப் பையன் ஒருவன், "என்னடா, அநாதை ஊரா?" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ்ப் பாடசாலை வாசகப் புத்தகத்தில் படித்த ஒரு பெயர் ஞாபகத்தில் இருந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி நட்டுவிட்டேன்: தென்காசி.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிந்ததும் வெட்கம் வருகிறது. தென்காசியைக் கண்ணால் கண்டவர் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. மளிகைக்காரரின் ஊர் வேறு சீமை. ஆனால் இரண்டாம் நாளே எங்கள் ஊரைச் சுற்றிக் கூட்டம். கப்பல்துறையில் மூட்டை தூக்கி ஓய்ந்த ஒரு பெரியவர், ஆற்றுக்கு அக்கரை டல்லாவில் பிறந்தவர், பஞ்சைக் காட்டி, "குற்றாலச் சாரல்! எங்கப்பா சொல்லுவாரு, மலையில இப்படித்தான் இறங்கும்" என்றார். இன்னொரு பெண், "எங்க தாத்தா குளிச்ச ஆறு" என்று தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவப்பு வாசல் தோரணவாசல் ஆயிற்று, குன்றுக்கோயில் முருகன் கோயில் ஆயிற்று. நான் எதையும் மறுக்கவில்லை. அந்தக் கருங்கல்லைக் காட்டி, "இது என்னப்பா?" என்று ஒருத்தி கேட்டபோது, "ஐயனார் கல்" என்றேன். அவள் குங்குமம் வைத்தாள். அடுத்து வந்தவளும் வைத்தாள்.

மாமா பலகையைப் பார்த்தது அன்றிரவுதான். என்னைத் திட்டவில்லை. "எடுத்துடலாமாடா?" என்று என்னையே கேட்டார். எடுத்தால் கூட்டம் என்ன என்று கேட்கும், முன்தண்டு போய்விடும் என்றேன். பலகைக்கு நீண்ட கையை அவர் இழுத்துக்கொண்டார். அந்த ஆசையை நான் அவர் முகத்தில் பார்த்தேன். அதைப் பிடித்துத்தான் அவரை இழுத்தேன். பிறகு அவர் சயாவிடம், மண்டபத்துக்குப் பத்தாம் நாள் வாருங்கள், அதுவரை வெளியாட்களை விடமாட்டார்கள் என்று சொல்லி வைத்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்காக.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தலைவர் வந்தார். கையில் தடி, தோளில் துண்டு. எங்கள் ஊரை ஒரு சுற்று சுற்றினார்.

"ரயில் ஸ்டேஷன் ஏண்டா ஆத்துக்கு அந்தப்பக்கம் கிடக்கு? ஊரு இந்தப்பக்கம்ல இருக்கு?"

"சத்திரக்காரங்க விடலீங்க" என்றேன், சயா சொல்லியிருந்ததை நினைத்து. "ரயில் ஊருக்குள்ள வந்தா யாரும் ராத்தங்க மாட்டாங்க, தொழில் போயிடும்னு பயந்தாங்க. அதனால அக்கரையில வச்சாங்க. அப்புறம் இவங்களே பாலம் கட்டி நடந்துபோய் ரயிலேறினாங்க."

ரயில்வேக்காரர்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "நல்லா வேணும்!" என்று யாரோ கத்தினார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. தடியால் வயலைக் காட்டினார். "ஊருன்னா சண்டை இருக்கும். இங்க என்ன சண்டை?"

அந்தக் கேள்வியில்தான் அன்று அதுவரை எல்லாச் சந்தும் விழுந்திருந்தது. எந்தப் பிள்ளையும் தன் ஊரில் சண்டை கட்டுவதில்லை. நான் மண்டியிட்டு, சயா சொல்லி வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் வைத்திருந்த சின்னப் பலகையைக் காட்டினேன். மேலூருக்கும் கீழூருக்கும் தண்ணீர்ச் சண்டை. மண்டை உடைந்தது. கடைசியில் இரண்டு பக்கப் பெரியவர்களும் உட்கார்ந்து இந்தப் பலகையில் இரண்டு வெட்டு வெட்டினார்கள். நிலம் எவ்வளவோ வெட்டு அவ்வளவு அகலம். கோடையில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ஆள் பலகைப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வான், மற்றவன் திருடாமல் இருக்க. படுத்துப் படுத்து அவர்கள் சம்பந்தி ஆகிவிட்டார்கள்.

சொல்லிக்கொண்டே பலகையை வாய்க்காலில் இறக்கிவிட்டேன். தண்ணீர் இரண்டு வெட்டிலும் பிரிந்து ஓடிற்று.

தலைவர் நிமிர்ந்தார். "இதுதாண்டா ஊரு" என்றார். "முன்தண்டு இவங்களுக்கு."

எங்கள் சந்து எழுப்பிய சத்தத்தில் கொலுப்பொம்மைகள் ஆடின. மாமாவை இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் சயா மண்டபத்துக்குள் வந்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், பத்தாம் நாள் வரை பொறுக்க முடியவில்லையாம். நெற்றியில் கட்டிய கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார். ஊரைப் பார்த்தார். அப்படியே முழங்காலில் உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்தவர்களுக்கு ஒரு குழந்தையைப் போலக் காட்ட ஆரம்பித்தார், பர்மிய மொழியில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி. இது என் பள்ளிக்கூடம். இது என் தாய்மாமன் கடை. இதோ, இது எங்கள் வீடு.

"இவரு எதுக்குத் தென்காசியில தன் வீட்டைக் காட்டுறாரு?" என்றார் தலைவர்.

அப்போது சயாவின் கை சிவப்பு வாசலுக்கு வந்தது. கல்லில் அப்பியிருந்த குங்குமத்தைப் பார்த்தார். கை நின்றுவிட்டது.

"டேய் தம்பி, இங்க வா. இது என்ன ஊரு?" தலைவர் என்னைத்தான் கேட்டார்.

இதுதான் அந்த இடம். உங்களிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று. இல்லை. நான் வாழைமரம் கட்டியிருந்த தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சொன்னவர் மாமா. அவரைத் தோளில் வைத்திருந்தவர்களிடம், "இறக்கி விடுங்கப்பா" என்றார். இறங்கி வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தலைவரே, இது தென்காசி இல்ல. இவரோட ஊரு. ஜப்பான்ல இருக்கு. பேரு நான்தான் எழுதினேன். முன்தண்டு எங்களுக்கு வேணாம்."

பெயரை எழுதியது நான். அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

மண்டபத்தில் செம்புக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தலைவரின் முகம் கறுத்துப்போயிருந்தது. தடியை ஊன்றி, சிரமப்பட்டு, சயாவுக்கு எதிரே குந்தினார். மாமாவைப் பார்க்காமலே சொன்னார்: "அந்தக் கல்லு என்னன்னு கேளு."

மாமா கேட்டார். சயா சொன்னார்.

"அதுல இவரு வீட்டாளு உண்டா?"

"அண்ணன்."

"எங்க?"

சயாவுக்கு அந்தத் தமிழ்ச் சொல் மொழிபெயர்க்காமலே புரிந்திருக்க வேண்டும். மண்டபத் தரையை விரலால் தொட்டார். இந்த நாட்டில், என்றார் பர்மிய மொழியில். எந்த இடம் என்று தெரியாது. இந்த வேலைக்கு ஆள் கேட்டபோது அதனால்தான் கை தூக்கினேன்.

தலைவர் தோள் துண்டால் கல்லைச் சுற்றியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு, "பூ வைக்கலாமான்னு கேளு" என்றார்.

பூ வைத்தார். எழுந்திருக்க மாமா கை கொடுத்தார், பிடித்துக்கொண்டார். எழுந்ததும் பழைய குரல் வந்துவிட்டது.

"என்னய்யா பாக்குறீங்க? நான் கேட்டதுக்கு ஊரு பதில் சொல்லிச்சா இல்லையா? ஊரு பொய்யில்ல, பேருதான் பொய். முன்தண்டு குடுத்தது குடுத்ததுதான். ஆனா அந்தக் கையெழுத்து இவனோடதில்ல, இவனுக்கு 'தெ' எழுத வராதுன்னு எனக்குத் தெரியும். தூணுக்குப் பின்னாடி நிக்கிற பயலை வரச் சொல்லு. புதுப் பலகை எழுதட்டும்."

சயா எழுத்து எழுத்தாகத் தன் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். என் கண்ணீர் மையில் விழுந்தது. அந்தப் பெயர் இன்று எனக்கு ஞாபகம் இல்லை. பொய்ப்பெயர் மட்டும் மறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் தேடித் தேடித் தோற்றுப்போனது அந்த நாலைந்து எழுத்துகளைத்தான்.

மறுநாள் மழை. பல்லக்கு புறப்படுகிற நேரத்தில் ஓர் இடைஞ்சல். முன்தண்டின் இடதுபக்கம் பிடிக்க வேண்டிய என் சித்தப்பா காய்ச்சலில் விழுந்துவிட்டார். வேறு ஆள் யார் என்று பார்த்தபோது, தெருவோரம் நின்ற சயா தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சும்மா பார்க்கிற பார்வை இல்லை என்று மாமாவுக்குப் பட்டது; பசித்தவன் சோற்றைப் பார்க்கிற பார்வை. கேட்டார். ஊரில் இலையுதிர் காலத் திருவிழாவில் நாங்களும் எங்கள் சாமியை இப்படித்தான் தோளில் தூக்குவோம் என்றார் சயா.

"வெளியூர்க்காரரு, விரதம் இல்லாம எப்படி?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "விரதம் இல்லையா? ஒம்போது நாளும் என் வீட்டுலதான் சாப்பிட்டாரு. சுண்டலும் தயிர்சாதமும் தவிர ஒரு மீன்முள்ளு காட்டினேனா அவருக்கு? உங்க வீட்டு ஆம்பளைங்க என்ன தின்னாங்கன்னு நான் கேக்கவா?"

யாரும் கேட்கச் சொல்லவில்லை. தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "மழை வலுக்குது, தூக்குங்க" என்றார்.

சயா குட்டை. தண்டு அவர் தோளுக்கு எட்டவில்லை. மாமா தன் துண்டை நாலாக மடித்து அவர் தோளில் வைத்தார். வலதுபக்கம் மாமா, இடதுபக்கம் அவர். முதல் சில அடிகள் பல்லக்கு தள்ளாடியது. மழையில் ஆளுக்கொரு பக்கம் கால் இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது சயா வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். "வஷ்ஷோய்!" காலைத் தரையில் அடித்தார். மறுபடி, "வஷ்ஷோய்!" ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைத் தள்ளும்போது அவர் கொடுக்கும் குரல் அதுதான் போலிருக்கிறது, மாமாவுக்குத் தெரிந்திருந்தது. அவரும் கத்தினார். பின்தண்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். எல்லோர் காலும் ஒன்றாக விழுந்தது. தவில்காரர் ஒரு கணம் திகைத்துவிட்டு அந்த அடிக்கே அடிக்க ஆரம்பித்தார்.

அம்மன் அன்று நடக்கவில்லை, குதித்துக்கொண்டு போனாள். கடைக்காரச் சந்து, பணியாளர் குடியிருப்பு, பர்மிய வீட்டு மாடிகள், எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். லெவல் கிராசிங்கில் சாயங்கால வண்டி நின்றது. டிரைவர் விசிலை இழுத்துப் பிடித்தார். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் குவிந்தன. மழை தாரையாகக் கொட்டியது. மாமா தண்டவாளத்தைத் தாண்டினார், ஒரு முறைகூடக் கீழே பார்க்காமல், வாயைப் பிளந்து கத்திக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீரும் சிரிப்புமாக.

"அம்மனை ஆட்டாதீங்கடா, பாவிகளா! மாலை அறுந்துடும்!" என்று பின்னாலிருந்து தலைவர் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அறுந்தா வேற கட்டிக்கலாம் தலைவரே!" என்று மாமா திரும்பாமலே கத்தினார். "வஷ்ஷோய்!"

"வஷ்ஷோய்!" என்றது சந்து முழுவதும். ஓடிவந்த மூச்சிரைப்பில், கடைசியில், தலைவரும்.